பல்லாவரத்தில் சார்ட்டர் விமானிகளுக்கு நடக்கும் பாதுகாப்பு வகுப்பு: ஒரு மதிப்புரை

சென்னையைத் தளமாகக் கொண்டு முழு விமானமாக வாடகைக்கு எடுக்கப்படும் சார்ட்டர் விமானங்களையும் தொழில் நிறுவனங்களின் சொந்த விமானங்களையும் ஓட்டும் விமானிகளுக்காக, பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மாடிக் கூடத்தில் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடந்துவருகிறது. பயணிகள் விமானங்களிலும் விமானப்படையிலும் நெடுங்காலம் பறந்து ஓய்வுபெற்ற ஒரு சிறு குழுவினர் இதை நடத்துகிறார்கள். சென்ற வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, எங்கள் நிறுவனம் என்னையும் உடன் பணியாற்றும் சில விமானிகளையும் இதற்கு அனுப்பியது. குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மீனம்பாக்கத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எந்த வகுப்பு என்பது எளிதில் விளங்கிவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களின் விமானிகளுக்குச் சென்னையில் இதைவிடப் பயனுள்ள தரைப் பயிற்சியை நான் கண்டதில்லை. ஆனால் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய சிலர் அந்தக் கூடத்துக்குள் வரவே இல்லை.

இப்படியொரு வகுப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை, சார்ட்டர் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பெரிய விமான நிறுவனத்தில் பறக்கும் விமானிக்குப் பின்னால் ஒரு பெரிய அலுவலகமே இயங்குகிறது. வானிலையையும் எரிபொருளையும் வழித்தடத்தையும் வேறொருவர் கணக்கிட்டுக் கையில் கொடுக்கிறார். இன்று உடன் பறப்பவர் நாளை வேறொருவராக இருப்பார். ஒவ்வொரு பயணத்தின் பதிவுகளும் கணினிக்குப் போய், எங்கே வேகம் மிகுந்தது, எங்கே இறக்கம் செங்குத்தானது என்பது அலசப்படுகிறது. சார்ட்டரில் இத்தனை வேலையும் இரண்டு பேர் தலையில்தான் விழுகிறது. ஃபிளைட் பிளான் போடுவது, இறங்கப்போகும் ஊரில் எரிபொருள் கிடைக்குமா என்று கேட்டு வைப்பது, பெட்டிகள் ஏறுவதைப் பார்த்துக்கொள்வது, காலை 6 மணிக்கு வருவதாகச் சொன்ன பார்ட்டி 10 மணிக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் வரவேற்பது என எல்லாமே அந்த இருவருடைய பொறுப்பு. அந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே பறந்துகொண்டிருப்பதும் உண்டு.

பயிற்சி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான பிசினஸ் ஜெட் வகைகளுக்கான சிமுலேட்டர்கள், அதாவது காக்பிட்டைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவிகள், வெளிநாடுகளில்தான் இருக்கின்றன என்பதால், துபாய்க்கோ ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்ப் பயிற்சி முடித்துத் திரும்புகிறோம். அங்கே கற்றுத் தருபவை முக்கியமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புறப்பாட்டின் நடுவில் இன்ஜின் நின்றுபோவது, ஒற்றை இன்ஜினில் இறங்குவது, தீப்பிடிப்பது, காற்றழுத்தம் குறைவது ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் செய்து பார்க்கிறோம். எனினும் கடந்த சில பத்தாண்டுகளில் பிசினஸ் விமானங்கள் விழுந்த கதைகளைப் படித்தால், அவற்றில் பலவற்றில் இன்ஜின்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. விமானத்தில் பழுதில்லாத நிலையில், அனுபவமுள்ள விமானிகள் அன்றாடம் செய்யும் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதாலோ, கைவிட்டிருக்க வேண்டிய ஒரு இறக்கத்தைக் கைவிடாததாலோ அந்த விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. பல்லாவரத்து வகுப்பு கை வைக்கும் இடம் இதுதான். அதனால்தான் இதைப் பற்றி இத்தனை விரிவாக எழுதத் தோன்றியது.

முதல் நாள் காலை பத்தரை மணியளவில் வகுப்பு சூடு பிடித்தது. அதற்கு முந்தைய பகுதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பயிற்றுநர் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அவற்றின் முன்னால் மரச்சட்டத்தில் பொருத்திய இரண்டு கட்டுப்பாட்டுத் தண்டுகளையும் கால்மிதிகளையும் வைத்தார். ஒவ்வொரு ஜோடியும் வந்து உட்கார்ந்து, ஓடுபாதையை நோக்கி நகரும்போது வழக்கமாகச் செய்வதைச் செய்து காட்ட வேண்டும் என்றார். அதை ஏன் கேட்கிறார் என்பதைச் சொல்லவில்லை. ஜோடிகள் ஒவ்வொன்றாக வந்து செக்லிஸ்ட்டைப் படித்துச் சென்றன. ‘ஃபிளைட் கன்ட்ரோல்ஸ்’ என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் தண்டை லேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு ‘செக்டு’ என்று சொன்னதைப் பலரிடம் பார்த்தோம். தண்டை இரு பக்கமும் முழு எல்லைவரை திருப்பி, கால்மிதியையும் கடைசிவரை அழுத்தி, இறக்கையிலும் வாலிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பரப்புகள் அசைகின்றனவா என்று கண்ணால் உறுதிசெய்தவர்கள் மிகச் சிலர்தான். எல்லோரும் முடித்த பிறகே பயிற்றுநர் திரையில் ஒரு விபத்து அறிக்கையைத் திறந்தார்.

2014 மே 31 இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு நகரிலுள்ள ஹான்ஸ்காம் விமானத் தளத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஜெட் புறப்பட முயன்றது. தரையில் நிற்கும்போது காற்றடித்துக் கட்டுப்பாட்டுப் பரப்புகள் ஆடாமலிருக்கப் போடப்படும் கஸ்ட் லாக் என்னும் பூட்டு விடுவிக்கப்படாமலே விமானம் ஓடத் தொடங்கியது. பூட்டு போட்டிருப்பது ஓட்டத்தின் நடுவில் தெரிந்த பிறகும் உடனே நிறுத்தப்படவில்லை. விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இரண்டு விமானிகள், ஒரு பணிப்பெண், நான்கு பயணிகள் என அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அனுபவசாலிகள், பல ஆண்டுகளாகச் சேர்ந்து பறந்தவர்கள். விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாகச் செய்யப்படவே இல்லை என்பது வெளிப்பட்டது. விபத்து நடந்த இரவில் மட்டும் அதை மறந்துவிட்டார்கள் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இந்த ஒரு எண் தகர்த்துவிடுகிறது.

அந்த ஜோடி மட்டும்தான் இப்படியா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. வாரியத்தின் பரிந்துரைப்படி அமெரிக்காவின் தேசிய பிசினஸ் விமானச் சங்கம் 2013 தொடக்கம் முதல் 2015 இறுதி வரை நடந்த 1,43,756 பயணங்களின் பதிவுகளை ஆராய்ந்தது. அவற்றில் 15.62 சதவீதத்தில் சோதனை அரைகுறையாகச் செய்யப்பட்டிருந்தது; 2.03 சதவீதத்தில் செய்யப்படவே இல்லை. பயிற்றுநர் அந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, கூடத்தில் சற்று முன்பு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தேநீர் இடைவேளை விட்டார். எவரையும் பெயர் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. இடைவேளை முடிந்து வந்தவர்கள் தாங்களாகவே மீண்டும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, இம்முறை முழுமையாகச் செய்து பார்த்தார்கள். கற்பிக்கும் முறையில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கங்கள் வெளியே தெரியாமல் போவதற்கு ஒரு கட்டமைப்புக் காரணமும் உண்டு என்பதை வகுப்பு தெளிவாக எடுத்துக்காட்டியது. பயணப் பதிவுகளைத் தொடர்ந்து ஆராயும் திட்டம் வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கட்டாயப்படுத்துவது 27,000 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வணிக விமானங்களுக்குத்தான். மீனம்பாக்கத்தில் நிற்கும் கிங் ஏர் பி200-இன் உச்ச எடை 5,670 கிலோ. ஹாக்கர் 800எக்ஸ்பி 13,000 கிலோவுக்கும் குறைவு. நாங்கள் ஓட்டும் விமானங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் வருவதே இல்லை. எனவே நிறுவனம் தானாக முன்வந்து தரவுகளை எடுத்துப் பார்த்தாலொழிய, ஒரு விமானி எப்படிப் பறக்கிறார் என்பது பக்கத்து இருக்கையில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. சிறிய விமானங்களிலும் பொருத்தக்கூடிய எளிய பதிவுக் கருவிகள் இப்போது கிடைப்பதையும், தண்டிப்பதற்காக அல்லாமல் கற்பதற்காக அந்தத் தரவுகளைப் பயன்படுத்தும் விதத்தையும் விளக்கினார்கள். இந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

பிற்பகல் முழுவதும் இறக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. மேகமூட்டத்தில் 1,000 அடியிலும், தெளிந்த வானிலையில் 500 அடியிலும் விமானம் நிலைபெற்றிருக்க வேண்டும்; வேகம், இறங்கு வீதம், ஃபிளாப், சக்கரம், பாதை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வரம்புக்கு வெளியே இருந்தாலும் இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறிவிட (கோ-அரவுண்ட்) வேண்டும் என்பது எல்லா விமானிகளுக்கும் மனப்பாடமான விதி. ஆனால் விமானப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வுப்படி, நிலைபெறாத இறக்கங்களில் சுமார் 3 சதவீதம் மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன. மற்றவர்கள் எல்லோரும் தொடர்ந்து இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததனாலேயே அடுத்த முறையும் அப்படியே இறங்கத் துணிகிறார்கள்.

இங்கே 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையை நெருங்கி, பக்கக் காற்றில் சாய்ந்து, சட்டென்று மேலேறிய காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். அன்று ஊரே அதைப் பார்த்துப் பதறியது. கைபேசிகளில் பரவிய அந்தக் காட்சியை ‘மயிரிழையில் தப்பியது’ என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வகுப்பில் அதை வேறு கண்ணால் பார்க்கவைத்தார்கள். அத்தகைய வானிலையில் இறங்க முயன்றிருக்கலாமா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் ஓடுபாதை கண்ணெதிரே இருக்கும்போது, சக்கரம் தரையைத் தொடும் தறுவாயில்கூட, இனி வேண்டாம் என்று மேலேறியது சரியான செயல். பொதுமக்கள் கோ-அரவுண்டை ஆபத்தாகவும் விமானிகள் அதைத் தோல்வியாகவும் எண்ணும்வரை அந்த 3 சதவீதம் உயரப்போவதில்லை என்று பயிற்றுநர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அடுத்து இரண்டு விபத்துகளை அருகருகே வைத்துப் பேசினார்கள். 2015 நவம்பர் 10 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் இறங்க வந்த ஹாக்கர் 700ஏ ரக சார்ட்டர் ஜெட் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மீது விழுந்து 9 பேர் இறந்தனர். ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. வேகம் குறைந்துகொண்டே போவதைக் கேப்டன் கண்டார். வாயால் எச்சரிக்கவும் செய்தார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கவில்லை. 2021 ஜூலை 26 அன்று கலிஃபோர்னியாவின் ட்ரக்கீயில் சேலஞ்சர் 605 ஒன்று ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் முயற்சியில், பாதை தவறியதைச் சரிசெய்யச் செங்குத்தாகத் திரும்பியபோது ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் விசையை இழந்து, விழுந்தது. 6 பேர் இறந்தனர். அங்கும் மற்றொருவர் தலையிடவில்லை.

திருப்பத்தில் விமானத்தை மேலும் மேலும் சாய்த்தால் ஸ்டால் வேகம் எப்படி ஏறுகிறது என்பதை எங்களையே கணக்குப் போடச் சொன்னார்கள். நேர்ப் பறப்பில் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 30 பாகை சாய்வில் 107 நாட்டிலும், 45 பாகையில் 119 நாட்டிலும், 60 பாகையில் 141 நாட்டிலும் ஸ்டால் ஆகிவிடும். பயிற்சிப் பள்ளியிலேயே படித்ததுதான். ஆயினும் தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில், ஓடுபாதை நழுவிப்போகிறதே என்ற பதற்றத்தில் கை தானாகச் சாய்க்கும் அந்தக் கணத்தோடு சேர்த்து அதைப் பார்த்தபோது எண்களின் கனம் வேறாக இருந்தது.

இதிலிருந்து பிறந்த ஒரு பயிற்சி, நம் ஊர்ச் சூழலை நன்றாக அறிந்தவர்கள் வடிவமைத்தது என்று சொல்வேன். நம்மிடையே வயதுக்கும் அனுபவத்துக்கும் காட்டும் மரியாதை காக்பிட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. இருபத்தைந்து வயதுத் துணை விமானி, தன் தந்தையைவிட மூத்த கேப்டனிடம் ‘சார், கொஞ்சம் ஸ்பீடு பாருங்க சார்’ என்று இழுத்து இழுத்துச் சொல்வார். அது எச்சரிக்கையாகக் காதில் விழாது. வகுப்பில் துணை விமானிகளை மட்டும் எழுப்பி, அளவையும் வரம்பையும் உரக்கச் சொல்லி, பதில் வராவிட்டால் ‘கோ-அரவுண்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்து, அதற்கும் அசைவில்லை என்றால் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று தண்டைப் பிடிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். ஓர் இளைஞர் முதல் இரண்டு தடவையும் குரலே எழும்பாமல் நின்றார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்த நிறுவனத்தின் தலைமை விமானி. ‘தம்பி, நான் தப்பு செய்யும்போது நீ சத்தம் போட்டாத்தான் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். போடு’ என்று அவரே சொன்ன பிறகுதான் குரல் வந்தது. ஒரே நிறுவனத்தின் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனையை இந்தக் குழு வைத்திருப்பதன் பயனை அப்போது கண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் ஓடுபாதைக் கணக்கு. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். அங்கிருந்து புறப்பட்டுப் பழகிய ஜெட் விமானிக்கு நீளம் ஒரு கவலையாகவே இருப்பதில்லை. சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். புதுச்சேரி சுமார் 1,500. இறங்கும் தூரம் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்ற பொதுவான விதிப்படி சேலத்தில் உலர்ந்த நாளில் கிடைப்பது சுமார் 1,080 மீட்டர். ஓடுபாதை ஈரமென்றால் கூடுதலாக 15 சதவீதம் சேர்க்க வேண்டியிருப்பதால் அது சுமார் 940 மீட்டராகச் சுருங்கிவிடும். உரிய வேகத்தைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்தால் நிற்பதற்குத் தேவைப்படும் தூரம் 21 சதவீதம் அதிகமாகும். ஒவ்வொருவரும் தாங்கள் ஓட்டும் விமானத்தின் அட்டவணையை வைத்து, ஐப்பசி மழையில் ஒரு மாலை நேரத்துக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. காகிதத்தில் கூட்டிப் பார்த்த பிறகு, கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இறங்கிக் காரில் போகலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். 2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து வந்த லியர்ஜெட் 45 ஒன்று, மும்பையில் கனமழையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்ததையும், அதிலிருந்த 8 பேரும் உயிர் தப்பியதையும் இங்கே நினைவூட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின் வந்தது. பயணி தரும் நெருக்கடி என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது. ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு உரிய இடம் கிடையாது. 2001 மார்ச் 29 மாலை கொலராடோவின் ஆஸ்பென் மலை நகரில் இறங்க முயன்ற கல்ஃப்ஸ்ட்ரீம் 3 சார்ட்டர் ஜெட் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். இருட்டிய பிறகு அங்கே இறங்கத் தடை இருந்தது, பயணம் தாமதமாகியிருந்தது, வேறிடத்தில் இறங்க நேரலாம் என்பதை அறிந்து சார்ட்டர் எடுத்தவர் கோபப்பட்டிருந்தார். அவரால் கேப்டனுக்கு ஏற்பட்ட நெருக்கடியை விசாரணை வாரியம் விபத்தின் துணைக் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. பணம் கொடுத்தவரின் முகம் பின்னிருக்கையில் இருக்கும்போது விமானியின் தீர்ப்பு எப்படி வளைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேவையில்லை.

அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து ஒரு காட்சியாக அமைத்திருந்தார்கள். போகிப் பண்டிகை அதிகாலை. மதுரையிலிருந்து சென்னை திரும்ப வேண்டும். போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் கண்பார்வைத் தூரம் சரிந்துகொண்டிருக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று இதே புகையால் சென்னைக்கு வந்த விமானங்கள் திருப்பிவிடப்பட்டதை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பயிற்றுநர்களில் ஒருவர் தொழிலதிபராக வந்து உட்கார்ந்தார். முதலில் அன்பாகத்தான் பேசினார். ‘கேப்டன், எத்தனை வருஷமா நம்ம கூடப் பறக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததா?’ பிறகு சற்று இறுக்கினார். ‘பெரிய ஏர்லைன்ஸ் ஃபிளைட்டெல்லாம் கிளம்பிடுச்சுன்னு டிரைவர் சொல்றானே.’ கடைசியில் அலுவலகத்துக்குக் கைபேசியில் அழைத்து, எங்கள் முன்னாலேயே, அடுத்த மாதத்திலிருந்து வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தனையும் நாங்கள் கேட்டுப் பழகிய வாக்கியங்கள்.

இதற்கு விடையாக அவர்கள் கற்றுத் தந்தது வாதம் செய்யும் கலையை அல்ல. பயணி வருவதற்கு முன்பே, கண்பார்வைத் தூரம் எந்த அளவுக்குக் கீழே போனால் புறப்படுவதில்லை, எங்கே திரும்புவோம், எத்தனை மணிக்கு மறுபடி பார்ப்போம் என்பதை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும். பயணியிடம் பேசும்போது ‘முடியாது’ என்பதோடு நிறுத்தாமல், ‘எட்டரை மணிக்கு அடுத்த வானிலை அறிக்கை வருகிறது, அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை ஓய்வறையில் காபி ஏற்பாடு செய்திருக்கிறோம், அவசரமென்றால் பெங்களூரு வரை கொண்டுபோய் விட முடியும்’ என்று கையில் உள்ள வழிகளை அடுக்க வேண்டும். எழுதிய தாள் ஒன்று முன்னால் இருக்கும்போது, முடிவை மாற்றுவதற்கு இருவருமே சம்மதிக்க வேண்டியதாகிறது. வகுப்புக்குப் பிறகு எங்கள் ஜோடியில் இந்தத் தாளைத் தொடர்ந்து பயன்படுத்திவருகிறோம். பயணிகளில் பெரும்பாலோர், காரணமும் நேரமும் தெளிவாகச் சொல்லப்பட்டால் அமைதியாகவே ஏற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இனிக் குறைகள். முதல் நாள் காலையின் தொடக்கத்தில் 1977-இல் டெனெரீஃபில் 583 பேர் இறந்த மோதலையும், 1978-இல் போர்ட்லாந்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்த டிசி-8 விமானத்தையும் நீண்ட நேரம் விளக்கினார்கள். காக்பிட் குழுப் பயிற்சி (சி.ஆர்.எம்.) என்னும் துறையே அவற்றிலிருந்து தோன்றியது என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் சி.ஆர்.எம். வகுப்பில் உட்காரும் விமானிக்கு அவற்றில் புதிதாக ஏதுமில்லை. அந்த நேரத்தைக் களைப்பு பற்றிய பகுதிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பறக்கும் நேரம் குறைவாகவும் காத்திருக்கும் நேரம் மிக அதிகமாகவும் இருப்பது எங்கள் வேலையின் தன்மை. ஓய்வறை நாற்காலியில் கழிந்த எட்டு மணி நேரத்துக்குப் பிறகு இரவில் இறங்குவதைப் பற்றி இங்கே அரை மணி நேரம்தான் பேசப்பட்டது. அதுவும் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் உண்மையிலேயே களைத்திருந்த வேளையில்.

ஹெலிகாப்டர்களை முற்றிலும் விட்டுவிட்டதும் பெரிய குறை. தேர்தல் வந்தால் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தலைவர்களைச் சுமந்து ஒரே நாளில் பல திடல்களில் இறங்குவது அவைதான். மக்களவைத் தலைவராக இருந்த ஜி.எம்.சி. பாலயோகி 2002 மார்ச் 3 அன்றும், ஆந்திர முதல்வராக இருந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பர் 2 அன்றும் இறந்தது ஹெலிகாப்டர் விபத்துகளில். கூட்டம் காத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வானிலையோடு போராட வேண்டிய நிலை, ஜெட் விமானிகளைவிட அந்த விமானிகளுக்கே அதிகம். அவர்களுக்கென்று தனி வகுப்பு தொடங்குவார்களா என்று கேட்டேன். ஆள் பற்றாக்குறையைச் சொன்னார்கள். காரணம் நியாயமானதே என்றாலும், இந்தக் குழுவைத் தவிர வேறு யாரிடம் இதை எதிர்பார்ப்பது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, தொடக்கத்தில் சொன்னதுபோல், வராதவர்கள். விமானத்தின் உரிமையாளர்களும், சார்ட்டர் விற்கும் அலுவலகத்தினரும், நேரத்தைக் குறித்துப் பயணிக்கு வாக்குக் கொடுக்கும் மேலாளர்களும் இந்த வகுப்புக்கு அழைக்கப்படுவதில்லை. விமானிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதைக் கேட்க வேண்டியவருக்கு எதையும் சொல்லாமல் விட்டால், முழுச் சுமையும் விமானி மீதே விழுகிறது. கோ-அரவுண்ட் செய்ததற்காகவோ பயணத்தை ரத்து செய்ததற்காகவோ எவரையும் விளக்கம் கேட்பதில்லை என்று உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் அலுவலகச் சுவரில் இருந்தால், இரண்டு நாள் வகுப்பின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பிசினஸ் விமானங்களுக்கான ஐ.எஸ்.-பி.ஏ.ஓ. என்ற சர்வதேசத் தர நெறி 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிர்வாகத்தின் பொறுப்பையும் உள்ளடக்கிய பாதுகாப்பு மேலாண்மையே அதன் அடிப்படை. அதைப் பற்றி வகுப்பில் ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் காட்டப்பட்டது.

நடைமுறை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடம் சிறியது, குளிர்சாதனம் சரியாக வேலை செய்தது, ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் பிற்பகலில் சற்று உள்ளே வந்தது. வண்டி நிறுத்த இடம் போதாது என்பதால் திரிசூலத்திலோ பல்லாவரத்திலோ மின்சார ரயிலில் வந்து இறங்குவது நல்லது. ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் விவாதம் பெரும்பாலும் தமிழில் நடந்ததால், மனம் திறந்து பேசுவது எளிதாக இருந்தது. வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு துணை விமானிக்காக அவ்வப்போது ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார்கள். ஒருவருக்கான கட்டணம், வெளிநாட்டு சிமுலேட்டருக்குப் போய்வரும் பயணச் சீட்டுச் செலவுக்குள் அடங்கிவிடுகிறது. சிமுலேட்டருக்கு இது மாற்றாகாது; அதற்குப் போவதற்கு முந்தைய மாதத்தில் இதை முடித்துவிட்டுச் சென்றால், அங்கே பயிற்றுநரிடம் சுற்றி வந்து இறங்குவதையும் கடைசிக் கட்டக் கோ-அரவுண்டையும் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் செய்யலாம். நான் அப்படித்தான் செய்தேன், கேட்டால் மறுப்பதில்லை.

வகுப்பு முடிந்த பிறகு தொடர்பு அறுந்துபோகிறது என்பதையும் குழுவினர் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை நேரக் கூட்டம் வைத்து, எழுதிவைக்கும் அந்தத் தாளை எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள், கட்டுப்பாட்டுச் சோதனையை எத்தனை ஜோடிகள் முழுமையாகச் செய்கின்றன என்று கேட்டால் போதும். அடுத்த அணியைப் பருவமழைக்கு முன்பே சேர்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் அரை நாள் ஒதுக்கினால், எங்கள் அலுவலகத்திலிருந்து இருவரை அனுப்ப இசைவு வாங்கி வைத்திருக்கிறேன்.